ஐந்நூறு மீட்டருக்குள்

ஒன்றரை ஷிப்ட் முடிந்து கம்பெனி வேன்கள் கிளம்பும் நேரம் இரவு எட்டரை. ராயபுரத்தில் நான் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் நின்றால் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போவது தெரியும். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். பல்லடம், அவிநாசி, காங்கேயம், தாராபுரம் என்று திசைக்கு ஒரு வேன். என் தோழி போவது காங்கேயம் தாண்டி, தெற்கே. அது என் அம்மா ஊரும்தான். அவள் இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால் ஆகிவிடும்.

வேன் நிற்பது ஊர் முனையில். அங்கே தார்ச்சாலை, கம்பத்தில் விளக்கு, பூட்டிய டீக்கடை எல்லாம் இருக்கின்றன. அவள் வீடு இருப்பது காலனியில். இடையில் நானூற்றுச் சொச்சம் மீட்டர் மண்தடம். இருபுறமும் கிளுவை வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காடு. நடுவில் ஒரு பள்ளம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். செல்போன் விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மகளோடு பேசிக்கொண்டே அந்தத் தூரத்தைக் கடப்பாள். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஆறு வருடம் ஒரே செக்கிங் டேபிளில் நின்றவர்கள். கம்பெனிக்குள் அவள் என்னை 'அக்கா, வா, போ' என்பாள். ஊரில் பார்த்தால் 'ஏனுங் அம்மிணி' ஆகிவிடும். நான் ஊருக்குள் பிறந்தவள். அந்தத் தடத்தைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். அதை ஒரு சாலைப் பிரச்சினையாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது 'அவங்க தடம்'. அப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

2024 அக்டோபர் 2 கிராம சபையில் அவள் எழுந்து அந்தத் தடத்துக்கு ரோடு கேட்டாள். ஊராட்சியில் பதிவேடு பார்க்கிறவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: "உங்களுக்கு ரோடு வந்தாச்சும்மா. ரெக்கார்டுல கனெக்டட்னு இருக்குது." அவர் பொய் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்த உண்மையைப் பற்றியது.

*

நாம் கதையை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம், விளம்பரத்தில் வரும் அம்மாவைக் கிழித்துத் தொங்கவிடுகிறோம். அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை ஒரு பிரதியாக எடுத்து வைத்து, இதில் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று வாசிப்பதில்லை. அலுப்பூட்டும் மொழி என்பது ஒரு காரணம். அந்த அலுப்பே அதற்குப் பாதுகாப்பு என்று இப்போது தோன்றுகிறது.

2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தின் நெறிமுறைகளை எடுத்துக்கொள்வோம். இந்தியக் கிராமங்களின் முகத்தை மாற்றிய திட்டம் அது, அதை மறுக்க மாட்டேன். சமவெளியில் 500 பேருக்கு மேல், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேல் வாழும் குடியிருப்புகளுக்கு எல்லாக் காலத்துக்குமான சாலை என்பது இலக்கு. முன்பெல்லாம் வருவாய்க் கிராமம்தான் கணக்கு. இந்தத் திட்டம் குடியிருப்பை அலகாக எடுத்தது. படிக்கும்போது மகிழ்ச்சியாக இருந்தது. காலனியும் ஒரு குடியிருப்புதானே?

அடுத்த வரியில் அது போய்விட்டது. 500 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சேர்த்து ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம். எல்லாக் காலத்துக்குமான சாலையிலிருந்தோ, ஏற்கெனவே இணைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்தோ 500 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் ஓர் இடம் 'இணைக்கப்படாதது'. உள்ளே இருந்தால் அது இணைக்கப்பட்டது.

கொங்கு நாட்டில் ஒரு சேரி ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பது யாரும் அளந்து வைத்த தூரமில்லை. ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. காட்டு வேலைக்கும் தோல் வேலைக்கும் கூப்பிட்டால் வந்து நிற்கும் அளவுக்குப் பக்கம். கிணற்றில் நிழல் விழாத அளவுக்குத் தூரம். நானூறு, முந்நூறு, சில ஊர்களில் அறுநூறு மீட்டர். சாதி போட்ட அந்தத் தூரம் பெரும்பாலும் பொறியாளர் போட்ட வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஊரும் காலனியும் ஒன்று என்று அரசு மனமார நம்புவது இந்த ஓர் இடத்தில்தான்!

ஆகவே ஊர் முனைக்குத் தார் வந்த அன்று காலனிக்கும் சாலை வந்துவிட்டது. மிச்சமுள்ள நானூறு மீட்டர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இல்லாத ஒன்றை முன்னுரிமையில் எத்தனையாவது இடத்தில் வைப்பது என்று யாரிடம் கேட்க?

விளக்கு ஏன் இல்லை என்பதற்கும் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 110ஆம் பிரிவில், பதில் கிடைத்தது. கிராமச் சாலைகளை அமைப்பதும் பராமரிப்பதும் ஊராட்சியின் கட்டாயக் கடமை. விளக்குப் போடுவதும் கடமை, ஆனால் வீடுகள் கட்டப்பட்ட பகுதிகளில். ஊரில் வீடு உண்டு, விளக்கு உண்டு. காலனியில் வீடு உண்டு, விளக்கு உண்டு. இரண்டுக்கும் இடையில் வீடு கட்ட யாரும் விட்டதில்லை. அதனால் அங்கே விளக்கு இல்லை. சட்டத்தில் சாதியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தேவைப்படவும் இல்லை.

*

சாலைகளை வரிசைப்படுத்தும்போது எதை எண்ணுகிறார்கள் என்று அடுத்துப் பார்த்தேன். எண்ணுவது இரண்டு: போய்ச் சேரும் இடங்கள், போகும் வண்டிகள்.

2019இல் வந்த அதே திட்டத்தின் மூன்றாம் கட்டம் நாடு முழுவதும் 1,25,000 கிலோமீட்டர் சாலையை மேம்படுத்துவதை இலக்காக வைத்தது. வேளாண் சந்தை, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு இட்டுச் செல்லும் பாதைகளுக்கு முதலிடம். நல்ல இடங்கள்தான். ஆனால் என் தோழியின் ஒரு வாரத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். சந்தைக்கு அவள் போவதில்லை, விற்க அவளிடம் விளைச்சல் இல்லை. அவள் தினமும் போய்ச் சேரும் இடம் வேன் நிற்கும் இடம். அது ஒரு கட்டடம் இல்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. திருப்பூரைச் சுற்றிய ஐம்பது அறுபது கிலோமீட்டர் வட்டத்தில் காலையிலும் இரவிலும் பெண்கள் கூட்டமாகக் காத்து நிற்கும் ஆயிரம் புளியமரத்தடிகளும் மைல்கற்களும் எந்த வரைபடத்திலும் இல்லை.

வண்டிக் கணக்கு இன்னும் விசித்திரம். சாலைப் பொறியியலில் எல்லா வண்டிகளையும் காருக்குச் சமமாக மாற்றி எண்ணும் ஒரு முறை உண்டு. காருக்கு ஒன்று. சைக்கிளுக்கு அரை. லாரிக்கு மூன்று. மாட்டு வண்டிக்கு ஆறிலிருந்து எட்டு வரை, ஏனென்றால் அது மெதுவாகப் போய் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நடந்து போகிறவளுக்கு எண் கிடையாது. இருபது பெண்கள் தலையில் புல்லுக்கட்டோடு போனால் பூஜ்யம், பின்னால் ஒரு மாட்டு வண்டி வந்தால் எட்டு. தடத்தில் போக்குவரத்து இல்லை, அதனால் சாலை தேவையில்லை. சாலை இல்லை, அதனால் வண்டி வராது, போக்குவரத்தும் இருக்காது. இந்தச் செக்கை யார் நிறுத்துவது?

இந்தக் கணக்கை மாற்றிப் போட்ட இடம் ஒன்று உண்டு. 1980களில் தான்சானியாவின் மக்கேட்டே மாவட்டத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஆய்வு செய்தது. சாலையில் போய் நின்று வண்டியை எண்ணுவதற்குப் பதிலாக வீடு வீடாகப் போய், இந்த வீட்டில் யார், எதற்காக, எவ்வளவு நேரம், எவ்வளவு சுமையோடு நடக்கிறார்கள் என்று கேட்டார்கள். பயணத்தில் பெரும்பகுதி சாலையிலேயே நடக்கவில்லை; தண்ணீருக்கும் விறகுக்கும் மாவு அரைக்கும் மில்லுக்குமாக ஒற்றையடிப் பாதைகளில் நடந்தது. சுமையில் பெரும்பகுதி பெண்களின் தலையில் இருந்தது. விளைவாக அந்தத் திட்டம் பாதைகளைச் சரிசெய்வது, சிறு நடைபாலங்கள் போடுவது, மில்லை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது என்று பணத்தைத் திருப்பியது. பெரு நாட்டின் கிராமச் சாலைத் திட்டத்திலும் பெண்கள் சொன்ன பிறகுதான் கால்நடையாகவும் பொதி விலங்குகளோடும் போகும் மலைத்தடங்கள் 'சாலை'க் கணக்கில் ஏறின. இவையெல்லாம் உலக வங்கி வட்டாரங்களில் பாராட்டிப் பேசப்பட்டவை. கேள்வியை மாற்றியவுடன் பதில் மாறியது என்பதற்கு மேல் அவற்றை நான் புனிதப்படுத்தவில்லை.

*

சரி, மக்களைக் கேட்கிறார்களா? கேட்கிறார்கள். எப்போது என்பதுதான் விஷயம்.

கிராம சாலைத் திட்டத்தில் எந்தச் சாலை முதலில் என்ற பட்டியல் ஊராட்சி ஒன்றிய அளவில் உருவாகி, மாவட்ட ஊராட்சியில் ஒப்புதல் பெறுகிறது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் கருத்தும் கேட்கப்படுகிறது. சாலை முடிவான பிறகு, அது எந்த வழியாகப் போகும் என்று பார்க்க ஒரு நடை உண்டு. பொறியாளர், ஊராட்சித் தலைவர், வருவாய்த் துறை ஊழியர், ஊர்மக்கள் எல்லோரும் சேர்ந்து அந்தத் தடத்தில் நடந்து பார்க்க வேண்டும். மக்கள் பங்கேற்பு என்று அறிக்கைகளில் படம் போடுவது இந்த நடையைத்தான்.

நடக்கிறார்கள், ஆனால் பேச்சு எதைப் பற்றி? நிலத்தைப் பற்றி. நிலம் வாங்க இத்திட்டத்தில் பணம் கிடையாது, மாநிலம்தான் நிலம் தேடித் தர வேண்டும். நடைமுறையில் ஓரத்துக் காட்டுக்காரர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆக அந்த நடையில் வாயைத் திறக்கத் தகுதி உள்ளவர், விட்டுக்கொடுக்க நிலம் உள்ளவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் நிலத்தைத் தன் பொறுப்பில் வைத்துச் சாகுபடி செய்வோரில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம். தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு தந்த மாநிலம். எங்கள் பக்கத்தில் அந்தச் சட்டத்தை 'சீர் செஞ்சாச்சே' என்ற ஒரு வாக்கியத்தில் முடித்து வைப்பார்கள். காலனிப் பெண்ணுக்குப் பூர்விகமும் இல்லை. அவளுடைய பங்கேற்பு, நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது.

பிறகு கிராம சபை. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்குத் தரலாம் என்று சொன்ன 29 பொருள்களில் சாலை 13ஆவது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடிய சபை பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு நாளாயிற்று. முதல் நான்கும் பனியன் கம்பெனிக்கு விடுமுறை. புதிதாகச் சேர்ந்த இரண்டும் விடுமுறை இல்லை. அந்த இரண்டு நாளில் போக வேண்டும் என்றால் ஒரு ஷிப்ட் சம்பளம் போகும். விடுமுறை நாளிலும்தான் என்ன? வாரத் துணி முழுவதும் அன்றைக்குத்தான் துவைக்க வேண்டும்.

கூட்டம் செல்ல வேண்டுமானால் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து 50, 100, 200, 300 பேர் இருக்க வேண்டும். அந்த எண்ணை நிரப்புவது பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தால் கணக்கு சரியாகிவிடும். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். வண்டிப்பாதைக்கு மண் வெட்டிக் கொட்டியவர்கள் அவர்கள், கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் அவர்கள். எந்தப் பாதைக்கு மண் என்று சொன்னவர்கள் மட்டும் வேறு யாரோ. 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதை நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் பட்டியல் எந்த அளவுகோலில் தயாராகிறது என்று அந்தப் பெண் தலைவர்களோடு உட்கார்ந்து படிக்கும் வேலையைப் பெண் இயக்கங்கள் செய்யவில்லை. எழுதுகிறவர்களும் செய்யவில்லை. கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கேலி செய்தோம். நாற்காலியில் அவளே உட்கார்ந்தாலும் அவள் முன்னால் வைக்கப்படும் தாளில் 500 மீட்டர் என்று இருக்கும் என்பதைப் பார்க்கவில்லை. நான் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குத் தந்தது. அங்கேயும் பணம் கைக்கு வந்ததும் பல ஊராட்சிகள் முதலில் ஓடியது சாலைக்குத்தான். ஒப்பந்தக்காரருக்குப் பிடித்த வேலை, திறப்பு விழாவுக்கு ஏற்ற வேலை. 10 சதவீதம் பெண்களுக்கான கூறாக ஒதுக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பக்கத்தில் ஒரு தடுப்பணைபோல நின்றது. பெண்கள் நலம் ஒரு பக்கம், சாலை இன்னொரு பக்கம் என்று பிரிந்துபோனதை மட்டும் அந்த விதியால் தடுக்க முடியவில்லை. சாலையே பெண் பிரச்சினைதான் என்று அங்கும் பரவலாகப் பேசப்படவில்லை.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனி வேப்பமரத்தடியில் மகளிர் குழுவோடு உட்கார்ந்தோம். மனு எழுத உதவுவதற்காக என் தோழி என்னைக் கூப்பிட்டிருந்தாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். கீழே உட்கார்ந்தேன். நாற்காலி கடைசிவரை காலியாகவே என் பக்கத்தில் நின்றது.

'மக்கள்' என்ற சொல் அரை மணி நேரத்தில் உடைந்துவிட்டது. குழுவோடு வந்து நின்ற ஆண்கள், ரோடு கேட்பதானால் முதலில் சுடுகாட்டுக்குக் கேட்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பாடையை வரப்பில் தூக்கிப் போகிறார்கள். காட்டுக்காரர் வெள்ளாமை வைத்திருந்தால் சுற்றிப் போக வேண்டும், வேலி அடைத்திருந்தால் நின்று கெஞ்ச வேண்டும். செத்த பிறகும் கும்பிட்டுத்தான் போகணுமா என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த வேலிகளில் ஒன்று என் சித்தப்பாவுடையது.

சுடுகாட்டுப் பாதைக்கு அரசின் பட்டியலில் இடம் இருக்கிறது என்பதும் உண்மை. 2011இல் வந்த 'தாய்' திட்டம் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் அடிப்படைத் தேவை என்று சொன்னவற்றில் குடிநீர், தெருவிளக்கு, சாலை, சுடுகாடு ஆகியவற்றோடு சுடுகாட்டுப் பாதையும் உண்டு. தலித் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடியதால் அந்தத் தேவைக்கு ஒரு பெயர் கிடைத்தது. வேன் நிற்கும் இடத்துக்குப் போகும் தடத்துக்கு அப்படி ஒரு பெயரே இன்னும் இல்லை.

ஒரு பெண் சொன்னாள்: "செத்தவிங்க ஒருக்காதான் போறாங்க. நாங்க தெனமும் ரெண்டு நடை." ஒரு ஆண் சிரித்தார். இன்னொருவருக்குக் கோபம் வந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை, ஆகவே அந்த அவமானம் அவர்கள் தோளில் ஏறவில்லை. இருட்டில் வேனிலிருந்து இறங்கி ஆண்கள் பயப்படுவதில்லை, அவர்களிடம் பைக் இருக்கிறது. ஒரே குடியிருப்புக்குள் இரண்டு ஊர்.

பெண்களுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. பிளாட்லாக் ஓட்டும் ஒரு சின்னப் பெண்ணுக்குத் தார் வேண்டாம், வேன் உள்ளே வந்து திரும்ப இடம் வேண்டும். டிரைவரிடம் கேட்டிருக்கிறாள். திருப்ப இடமில்லாமல் உள்ளே வர மாட்டேன் என்றிருக்கிறார். ஓர் அம்மாவுக்கு ரோடே வேண்டாம்: "தார் போட்டா ஊர்ப் பசங்க பைக்ல சுத்த வருவானுங்க. இப்பப் பள்ளமிருக்கறதுனாலதான் வராம இருக்கானுங்க." இதை நான் எதிர்பார்க்கவில்லை. சாலை என்றால் விடுதலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்தப் பள்ளம் ஒரு அகழி.

அவள் பயத்தைப் பின்தங்கிய மனம் என்று தள்ளிவிட முடியாது. சாலை யாரையும் கேட்காமல் இரண்டு பக்கமும் போகும். திருப்பூருக்குத் தொழிலாளர் வேண்டும் என்பதால்தான் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வேன் வந்தது. வேன் வந்து போக முடிந்த ஊர்ப் பெண்கள் இரவில் வீடு திரும்புகிறார்கள். வர முடியாத தூரத்துப் பெண்கள் ஹாஸ்டல் மதிலுக்குள் போகிறார்கள். கல்யாணத்துக்குச் சேர்த்துத் தருகிறோம் என்று மூன்று வருடம் அடைத்து வைத்த சுமங்கலித் திட்டத்தைப் பற்றி நாம் நிறைய எழுதினோம், ஆனால் பஸ்ஸோ வேனோ போகாத ஊர்களுக்கும் அந்த மதில்களுக்கும் உள்ள உறவைத் தொடவில்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அருமையான திட்டம், என் தோழி அதைப் பயன்படுத்த முடியவில்லை. பேருந்து வரும் சாலைக்கு அவள் முதலில் நடந்து வர வேண்டும், அவள் வீடு திரும்பும் நேரத்தில் பேருந்தும் இல்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஒரு சாலைகூடப் போடாமல் பெண்களின் தூரம் மாறியது. அதைச் சொன்னபோது வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி, "எங்களுக்குச் செருப்புப் போட்டு அந்தத் தடத்துல நடக்கவே அப்பத்தான் உட்டாங்க கண்ணு" என்றாள்.

கடைசியில் பெண்கள் ஒரு வரிசை போட்டார்கள். முதலில் நடுத்தடத்தில் மூன்று விளக்கு. இரண்டாவது, பள்ளத்தில் ஒரு குழாய்ப் பாலம். மூன்றாவது, வேன் திரும்ப இடம். நான்காவதாகத்தான் தார். சுடுகாட்டுப் பாதை தனி மனு, அதில் பெண்களும் கையெழுத்துப் போடுவது என்று முடிவு. பைக்குக்குப் பயந்த அம்மா, விளக்கு இருந்தால் சரி என்றாள்.

அந்த வரிசையை அரசின் படிவத்தில் பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. தமிழ்நாடு அரசு 2022-23இல் தொடங்கிய முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் இலக்கு 10,000 கிலோமீட்டர், 4,000 கோடி ரூபாய். மத்தியத் திட்டமும் கிலோமீட்டரில்தான் பேசும். பெண்கள் கேட்டதில் முதல் மூன்றும் கிலோமீட்டரில் வராதவை. மின்கம்பம் ஒரு பதிவேடு, பாலம் இன்னொரு தலைப்பு, வேன் திரும்பும் இடத்துக்குத் தலைப்பே கிடையாது. ஒரு பெண்ணின் ஒரு இரவு நடை மூன்று அலுவலக மேசைகளில் பிரிந்து கிடக்கிறது.

*

இதே திருப்பூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், உடுமலைக்கு மேலே, நிலைமை சட்டப்படி நேர்மாறு. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு முதலிய மலைக் குடியிருப்புகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் தொட்டில் கட்டிச் சுமந்து இறக்கும் செய்தி அங்கிருந்து பல வருடங்களாக வருகிறது. திருமூர்த்திமலையிலிருந்து பாதை கேட்டு அந்த மக்கள் மனுக் கொடுத்து, போராடிப் பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் கையில் உள்ள 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மக்கள் பங்கேற்பில் நான் வாசித்தவற்றில் ஆக வலுவானது. அதன் 3(2) பிரிவின்படி பள்ளி, அங்கன்வாடி, சாலை உட்பட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் வன நிலத்தைத் தரலாம். கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் சட்டத்தின் விதிகள் 2012இல் திருத்தப்பட்டபோது, கூட்டத்துக்கு வந்தோரில் குறைந்தது மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் சேர்ந்தது. கேட்பது மக்கள், வரிசையில் முதலில் வருவது அவர்களின் சொல்.

இருந்தும் தொட்டில் இன்னும் இறங்குகிறது. கேட்டபின் கொடுப்பது வேறொருவர் கையில் இருக்கும்வரை கேட்கும் உரிமை ஒரு மனுவாகத்தான் நிற்கும். ஆனால் ஒரு வித்தியாசம். மலையில் சாலை இல்லை என்பதை அரசு ஒப்புக்கொள்கிறது. எங்கள் காலனியில் அதுவும் இல்லை.

*

2025 ஜனவரியில் எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் இல்லை, தனி அலுவலர் வந்தார். ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். என் தோழி போனில் கேட்டாள், "அப்ப மனுவுல எங்கூருக்கு என்னன்னு எழுதறது?"

அதற்குள் ஒரு வேலை நடந்திருந்தது. காலனிக்குள் தெருவில் பேவர் பிளாக் பதித்தார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அது ஊர்ப் பக்கமாக வந்து, கடைசி வீட்டோடு நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 15 சபைக்கு மனுவைத் திருத்தி எழுதினோம். படிவத்தில் சாலையின் பெயர், எங்கிருந்து, எதுவரை என்று மூன்று கட்டம். தடத்துக்குப் பெயரில்லை, பதிவேட்டில் எண்ணும் இல்லை. பெண்கள் சொன்னபடி நான் எழுதினேன்: 'வேன் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீடுகள் வரை.' மனுவை வாங்கியவர் படித்துவிட்டு, அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று ஒரு கோடு போட்டு, மேலே 'பிரதான சாலை முதல் குடியிருப்பு வரை' என்று எழுதினார்.

என் தோழி மனுவைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். "ஏனுங், வேனு நிக்கற எடத்த எதுக்குங் அடிச்சீங்க?" என்றாள்.

பிரதான சாலை நாலு கிலோமீட்டருக்குப் போகிறது. அதில் எந்த இடத்திலிருந்து என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதற்கு அவரிடம் உடனே பதில் இல்லை. பின்னாலிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். அடித்த கோட்டுக்குக் கீழே அதே வரியை அவளே இன்னொரு முறை, தன் கையெழுத்தில், மெதுவாக எழுதிக் கொடுத்தாள்.